மேல்மடைத் தண்ணீர்

புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், மகன் பெங்களூரில் இருந்தபடியே கைபேசியில் எதையோ தட்டி ஒன்றை வரவழைத்துவிட்டான், பலகைகள் தனி, திருகாணிகள் தனி, பூட்டுவது எப்படி என்று படம் போட்ட தாள் தனி என்று தட்டையான அட்டைப்பெட்டி ஒன்று வாசலில் வந்து சாய்ந்தது. ஆசாரி வீட்டுக்கே வந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, மரத்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, "இது இன்னும் நாலு வெயில் காயணும்யா" என்று நாளைத் தள்ளிப் போட்டு, மரத்தோடு சேர்த்து நம்மையும் காயவைத்த காலம் போய்விட்டது, இப்போது எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை, வந்து சேர்ந்ததில் ஆசையும் இருப்பதில்லை. பெட்டியைக் கிழித்ததும் முதலில் பசை நெடி, பிறகு அட்டை நெடி, அதற்கும் அடியில், தேடினால் மட்டும் கிடைக்கிற அளவுக்குப் பைன் மரப் பிசினின் வாசனை, அது மூக்கில் ஏறியபோது நான் சென்னையில் இல்லை, ஷெமங் ஆற்றங்கரையில், எல்மைராவில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வயதான ஓர் அம்மாளின் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன்.

நியூயார்க் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற ஊர் வேறு, எல்மைரா அதே பெயருடைய மாநிலத்தின் தெற்கு விளிம்பில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டிக் கிடக்கும் சின்ன ஊர், எண்பதுகளில் வேலை நிமித்தம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த எனக்கு அந்த அம்மாள் தம் வீட்டு மாடியறையை வாடகைக்குத் தந்திருந்தார். விறகடுப்பைக் கைவிடாதவர், மேப்பிளும் ஓக்கும்தான் எரிக்கலாம், பைன் சுள்ளி தீமூட்ட மட்டும், பெரிய கட்டையாகப் போட்டால் புகைபோக்கி உள்ளே கீல் கட்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், அப்படித் தீமூட்டும்போது எழும் அந்த முதல் வாசனைக்காகவே நான் வேலை முடிந்ததும் நேரே அடுக்களைக்குப் போவேன். நாலு மணிக்கே விளக்கேற்ற வேண்டிய பருவம், ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகத் தெரியும், உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் அவர் மேஜைத் துணியை நீவி, நீவி, இல்லாத சுருக்கத்தை எடுத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய இன்னொரு பழக்கம் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. குழாயைத் திறந்து சற்று நேரம் ஓடவிட்டு, கண்ணாடி டம்ளரில் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, அதற்குப் பிறகுதான் குடிப்பார், அது ஊர்க் குழாயில் வருகிற, எந்தக் குறையும் சொல்ல முடியாத தண்ணீர். கேட்டபோது சிரித்தார், தாத்தாவிடமிருந்து வந்தது என்றார், தாத்தா இளவயதில் இதே ஊரில் வடக்குப் படையின் காவல்காரராக, கைதிகளின் முகாமைச் சுற்றிய மரமதிலில் துப்பாக்கியோடு நின்றவர், அங்கே தேங்கிக் கிடந்த குட்டையின் நாற்றம் மூக்கைவிட்டுப் போகவில்லை என்று சாகும்வரை எந்தத் தண்ணீரையும் முகராமல் குடித்ததில்லை, சிறு பெண்ணாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை தானாக மூக்குக்குப் போகிறது என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த முகாமின் கதை கிடைத்தது, புத்தகத்திலிருந்து அல்ல, ஒரு டம்ளர் தண்ணீரிலிருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிப் பகுதியில், 1864 ஜூலையில், தெற்குப் படையிலிருந்து பிடிபட்டவர்களை அடைக்க அங்கிருந்த பழைய பயிற்சிக் கொட்டகைகளைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், ஓராண்டுக்குள் 12,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள், கொட்டகை போதாமல் பாதிப் பேர் கூடாரத்தில், வர்ஜீனியாவிலும் கரோலினாவிலும் பிறந்து, இப்படியொரு பனிக்குப் பழகாத பையன்கள் எல்மைராவின் குளிரில் மெல்லிய சட்டையோடு நின்றார்கள். முகாமுக்குள்ளே ஃபாஸ்டர் குட்டை என்று ஒன்று, ஆறு விட்டுப்போன பள்ளம், கழிவெல்லாம் அதில்தான், ஓடாத நீர், அதன் கேட்டை மருத்துவர் கோடையிலேயே எழுதிவிட்டார், வடிகால் வெட்ட மண்வெட்டி வந்தபோது இலைகள் எல்லாம் உதிர்ந்திருந்தன. எலி பிடித்து விற்றார்கள், முகாமுக்குள் எலி ஏறக்குறைய நாணயமாகவே புழங்கியது, மதிலுக்கு வெளியே, தெருவின் மறுபக்கம், ஊர்க்காரர் சிலர் மரத்தால் கோபுரம் கட்டி, கைதிகளைப் பார்க்க விரும்புகிறவர்களிடம் 15 சென்ட் வாங்கிக்கொண்டு மேலே ஏற்றினார்கள், ஏறிப் பார்த்து இறங்குகிறவர்களுக்கு அங்கேயே குடிக்க ஏதாவது கிடைக்கும். தாத்தா அதைப் பற்றிப் பேசமாட்டார், பாட்டிதான் சொன்னாள் என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தாமல், ஊர்ச்சந்தையைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார், ஏறியவர்களில் பாட்டியும் ஒருத்தி.

அன்றிரவு மாடியறையில் படுத்துக்கொண்டு எனக்கு ஆச்சியின் நினைவு வந்தது. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊரில் படித்துறைக்கு மேலே குடிதண்ணீர், நடுவில் குளியல், கீழே துணி, அதற்கும் கீழே மாடு, யாரும் எழுதி வைக்காத சட்டம், விடிவதற்கு முன்னே ஈர மணல் வாசனையும் வேப்பங்குச்சி வாசனையும் கலந்து கிடக்கிற நேரத்தில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேல்பக்கம் நடக்கிற ஆச்சி, வழியில் எவனாவது மேலே நின்று வாய் கொப்பளித்தால் அவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கீழ உள்ளவன் வாயில துப்புத, தெரியுதாலே" என்பாள். வயலுக்கும் அதே பேச்சுதான், மேல்மடைக்காரன் தன் வயல் நிறைந்ததும் மடையை அடைக்காமல் தூங்கிப்போனால் கடைமடைக்காரனின் நாற்று கருகும், மேலே இருப்பவனுக்குக் கெட்ட எண்ணம் வேண்டியதே இல்லை, தூக்கம் போதும்.

பல ஆண்டுகள் கழித்து, உறவுப் பையன் ஒருவன் அட்லாண்டாவில் வீடு வாங்கியதைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஆண்டர்சன்வில்லுக்குப் போனேன். வழியெல்லாம் செம்மண், நிலக்கடலை வயல்கள், பீக்கன் தோப்புகள், வெயில் ஏற ஏற இருபுறமும் பைன் மரங்களிலிருந்து பிசின் வாசனை சாலையில் இறங்கி வந்தது, எல்மைரா அடுக்களையில் சுள்ளியளவு கண்டது இங்கே காடாக நின்றது. எல்மைராவுக்கு நேர் எதிர்க் கதை இந்த ஊருக்கு, இங்கே சிறைவைத்தவர்கள் தெற்கத்தியர், அடைபட்டவர்கள் வடக்குப் படையினர், 1864 பிப்ரவரியில் பைன் மரங்களை வெட்டி நட்டு அடைத்த பதினாறரை ஏக்கர், கோடையில் இருபத்தாறரை ஏக்கராக நீட்டினார்கள், 10,000 பேருக்கென்று நினைத்த இடத்தில் ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல், கூரை என்று ஒன்றும் கிடையாது, போர்வையைக் குச்சியில் மாட்டி, அல்லது மண்ணில் குழி பறித்து, அதுதான் வீடு. மதிலுக்குள்ளே சில அடி தள்ளித் தாழ்வாக ஒரு வேலி, அதைத் தாண்டிக் கை நீட்டினாலும் மேலே நிற்கும் காவல்காரன் சுடலாம். சமைக்கக் கிடைத்ததும் பச்சைப் பைன் கட்டைதான், அந்தக் கீல் புகை முகத்திலும் கையிலும் படிந்து, கழுவச் சோப்பு இல்லாமல், அடைபட்டவர்கள் கருப்பாகிப்போனார்கள் என்று படித்திருந்தேன், அங்கே நின்று அந்த வாசனையை முகர்ந்த பிறகு, எல்மைரா அம்மாள் புகைபோக்கிக்குப் பயந்தது அற்பக் கவலையாகத் தெரியவில்லை.

இப்போது அங்கே புல்வெளிதான், கத்தரித்து, நேர்த்தியாக, மதில் இருந்த கோட்டையும் உள்வேலி இருந்த கோட்டையும் காட்ட வெள்ளைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், ஓரிரு இடங்களில் மட்டும் மதிலைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் குளிர்ச்சிக்குள் ஓடுகிறார்கள். நான் சரிவில் இறங்கி ஓடையைப் பார்க்கப் போனேன், தாண்டிக் குதித்துவிடலாம் போன்ற சிற்றோடை, இத்தனை பேர் குடித்ததும் குளித்ததும் கழித்ததும் இந்த ஒன்றில், அது மதிலுக்குள் நுழையும் முன்பே, மேலே, காவல் படையின் குடியிருப்பும் சமையற்கூடமும் இருந்தன, அவற்றின் அழுக்கை வாங்கிக்கொண்டுதான் உள்ளேயே வந்தது. வயிற்றுப்போக்கு, சீதபேதி, காய்கறியைக் கண்ணில் காணாமல் ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி, சக்கையோடு அரைத்த சோள மாவு குடலை அறுத்தது, அந்த ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு பேர் செத்தார்கள். உள்ளேயும் மேல்மடை உண்டு, சக கைதிகளை அடித்துப் பறித்த கும்பல் ஒன்று, அதில் ஆறு பேரைக் கைதிகளே விசாரித்து ஜூலை 11 அன்று தூக்கிலிட்டார்கள், அவர்களின் கல்லறைகள் இன்றைக்கும் மற்றவர்களோடு ஒட்டாமல் தனியே நிற்கின்றன. ஆகஸ்டில் ஒரு பெருமழைக்குப் பின் உள்வேலிக்கு அப்பால் ஊற்று ஒன்று திறந்துகொண்டது, சாமி கொடுத்தது என்றே அடைபட்டவர்கள் நம்பினார்கள், அதற்கு 1901இல் கல் மண்டபம் கட்டியிருக்கிறார்கள், நான் போனபோதும் நீர் வந்துகொண்டிருந்தது, குடிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்.

இவர்கள் ஏன் அங்கே கிடக்க நேர்ந்தது என்பதும் மேலேயிருந்து வந்த கதைதான். 1862இல் இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்திருந்தன, பிடிபட்டவன் சில வாரங்களில் வீட்டுக்குப் போய்விடலாம், வடக்குப் படையில் கறுப்பின வீரர்கள் சேர்ந்ததும் தெற்கு அவர்களைப் போர்க் கைதிகளாக ஏற்க மறுத்தது, பிடித்தால் அடிமையாகத் திருப்பி அனுப்புவோம் என்றது, அதில் 1863இல் மாற்று நின்றது. வடக்கு மாற்றை நிறுத்தியது சரிதான், ஒரே சீருடை போட்டவனில் ஒருவனை விட்டுவிட்டு மற்றவனை மீட்க முடியாது, ஆனால் 1864இல் வடக்குப் படைத் தளபதி கிராண்ட் மனத்தில் வேறு கணக்கும் ஓடியது, விடுபட்ட தெற்கத்தியன் மறுநாளே துப்பாக்கி எடுப்பான், தெற்கிடம் ஆள் குறைவு, ஆகவே நம் ஆட்கள் சிறையில் வாடுவது கொடுமை என்றாலும் களத்தில் நிற்பவர்களுக்கு அதுவே இரக்கம் என்று எழுதினார். ஒரே முடிவுக்குள் நியாயமும் தந்திரமும் எவ்வளவு நெருங்கிப் படுத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஜார்ஜியாவின் வெயிலிலும் எல்மைராவின் பனியிலும் இருந்தார்கள், இரு பக்கச் சிறைகளிலும் சேர்த்து 56,000 பேர் திரும்பவில்லை.

ஆண்டர்சன்வில் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், பெட்டி இல்லாமல் நீளக் குழியில் தோளோடு தோளாகப் படுக்கவைத்ததால் கல்லுக்கும் இடம் அவ்வளவுதான், ஏறக்குறைய 13,000 பேர், அதில் 460 கற்களில் மட்டுமே பெயர் இல்லை. அதற்குக் காரணம் கனெக்டிகட்டைச் சேர்ந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்ற கைதிப் பையன், மருத்துவரின் அலுவலகத்தில் சாவுப் பதிவேடு எழுத உட்காரவைத்தார்கள், அவன் ரகசியமாக ஒரு நகலும் எழுதி, விடுதலையானபோது கொண்டுவந்துவிட்டான், 1865 கோடையில் போர்க்களச் செவிலி கிளாரா பார்ட்டனோடு அங்கே திரும்பிப் போய்க் கல்லறைகளை அடையாளம் காட்டினான். நன்றிக்கு அவனுக்குக் கிடைத்தது ராணுவ நீதிமன்றம், அந்தப் பட்டியல் அரசின் சொத்து, அதைத் திருடினான் என்று சிறைத் தண்டனை, முகாமிலிருந்து உயிரோடு வந்தவனைச் சொந்த அரசு எல்மைராவிலிருந்து அதிக தூரமில்லாத ஆபர்ன் சிறையில் வைத்தது, பிறகு விட்டுவிட்டார்கள், பட்டியலும் 1866இல் அச்சேறியது. முகாமை நடத்திய ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹென்றி விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிட்டார்கள், அவருக்கும் அந்தச் சிற்றூரில் தெற்கத்திய மகளிர் 1909இல் ஒரு தூண் எழுப்பியிருக்கிறார்கள், முச்சந்தியில் பார்த்தேன். விடுபட்டவர்களிலும் பலர் வீடு சேரவில்லை, 376 பேர் ஏறக்கூடிய சுல்தானா என்ற நீராவிப் படகில், தலைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தின் ஆசையில், 2,000 பேருக்கு மேல் ஏற்றினார்கள், மெம்ஃபிஸுக்கு அருகே கொதிகலன் வெடித்து மிசிசிப்பியில் 1,100 பேருக்கு மேல் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் எல்மைராவுக்கு ஒருமுறை போனேன். அந்த அம்மாள் எப்போதோ காலமாகியிருந்தார், வீட்டுப் புகைபோக்கியை இடித்துவிட்டு மேலே ஏதோ தட்டு வைத்திருந்தார்கள், முகாம் இருந்த இடம் முழுக்கத் தெருக்களும் வீடுகளும், புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் நெடி, தேநீருக்குப் போன கடையிலிருந்த பெண் முகாமா, இங்கேயா என்று கேட்டாள். இரண்டு முகாம்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு மட்டும் என்னை விடவில்லை, ஆண்டர்சன்வில்லில் நூற்றுக்கு 29 பேர் செத்தார்கள், எல்மைராவில் நூற்றுக்கு 24. தெற்குக்குச் சொல்ல ஏதோ இருந்தது, ரயில் பாதை சிதைந்திருந்தது, அதன் சொந்தச் சிப்பாய்க்கே சோறு இல்லை, அந்தச் சாக்கு முழுக்க உண்மையல்ல என்றாலும் பாதியாவது நிற்கும், வடக்கில் களஞ்சியம் நிறைந்திருந்தது, மருந்து இருந்தது, மரம் இருந்தது. 1864 வசந்தத்தில் தெற்கின் ரிச்மண்ட் சிறைகளிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய தம் வீரர்களின் நிலை தெரியவந்ததும், பழிக்குப் பழியாகக் கைதிகளின் உணவளவைக் குறைத்தார்கள், குறைத்ததில் மிஞ்சிய காசு கைதி நிதி என்று சேர்ந்தது, எல்லா முகாம்களையும் மேற்பார்த்த வில்லியம் ஹாஃப்மன் போர் முடிந்ததும் அதில் ஏறத்தாழ 18 லட்சம் டாலரைச் செலவழிக்காமல் கருவூலத்துக்குத் திருப்பிக் கொடுத்தார், ஒரு சென்ட் குறையாத நேர்மை, மடையை அடைத்து வைத்துக்கொண்டு கணக்கைச் சரியாக எழுதிய நேர்மை.

வுட்லான் இடுகாட்டுக்கு நடந்தே போனேன், எழுத்தாளர் மார்க் ட்வைன் அங்கேதான் இருக்கிறார், அவருக்குப் பூவும் சுருட்டும் வைக்க வருகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்பிவிடுகிறார்கள், தெற்கத்தியக் கைதிகளின் வரிசைகள் கொஞ்சம் தள்ளி, யாரும் இல்லாமல். அவர்களைப் புதைத்தவர் ஜான் ஜோன்ஸ், வர்ஜீனியாவின் லீஸ்பர்கில் 1817இல் அடிமையாகப் பிறந்து, 1844இல் தப்பி நடந்தே எல்மைரா வந்து, தம்மைப்போல் ஓடிவந்த நூற்றுக்கணக்கானவர்களை ரயிலில் ஒளித்துக் கனடாவுக்கு அனுப்பிய கறுப்பினத்தவர், தேவாலயத்தின் பராமரிப்பாளர், தம்மை அடிமையாக வைத்திருக்கத் துப்பாக்கி தூக்கியவர்களில் 2,973 பேரை ஓராண்டில் மண்ணுக்குள் இறக்கி, ஒவ்வொருவரின் பெயரையும் படைப்பிரிவையும் இறந்த நாளையும் எழுதி வைத்தார், அடையாளம் தெரியாமல் போனவர்கள் ஏழே பேர். அவர்களில் ஒருவன், அவர் தப்பிவந்த பண்ணையின் கண்காணிப்பாளருடைய மகன் என்றும், பார்த்ததும் அறிந்து அவன் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பினார் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள்.

இதை மன்னிப்பு என்றும் பெருந்தன்மை என்றும் எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொற்கள் கொஞ்சம் பெரிதாகப் படுகின்றன, ஜோன்ஸ் சும்மா செய்யவில்லை, உடலுக்கு இரண்டரை டாலர் அரசிடம் கூலி வாங்கினார், மொத்தம் 7,432 டாலர் 50 சென்ட் ஆகிறது, அதில் நிலமும் வீடும் வாங்கி ஊரில் வசதியான மனிதராக 1900 வரை வாழ்ந்தார், அதில் குறைசொல்ல என்ன இருக்கிறது. வாங்கிய கூலிக்கு ஒவ்வொரு உடலையும் அதற்குரிய பெயரோடு சேர்த்து வைத்தார், அவ்வளவுதான். அந்த முகாமில் உணவுக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருந்தார், வடிகாலுக்கு ஒருவர், போர்வைக்கு ஒருவர், எல்லோரும் சம்பளம் வாங்கினார்கள், அவர்களும் அவரவர் வேலையை இந்த மனிதர் பார்த்ததுபோல் பார்த்திருந்தால், அவருக்கு அத்தனை வேலை இருந்திருக்காது.